லாபக்காய்

“ஆனா அந்த ஒரு காய்க்கு மட்டும் சத்தமே வரலைங்க, மிஸ்.”

“எந்தக் காய்க்குக் கண்ணு?”

“எண்ணி முடிச்சதும் ஒண்ணு எடுத்து இந்தப் பக்கமா போடுவீங்கல்ல, அதுக்குங்க. மத்ததெல்லாம் டொக்கு டொக்குன்னு உழுகுது. அது மட்டும் போகுது. உழுகவே மாட்டேங்குது.”

“மண்ணுல உழுந்திருக்கும். கேக்காது.”

“எல்லாமே மண்ணுலதானுங்க உழுகுது?” ரம்ஷா சிரித்தாள். “யாரோ புடிச்சுக்கறாங்க மிஸ். வேணும்னா இனியாவக் கேளுங்க.”

 செவ்வந்தி ரம்ஷாவின் தலையிலிருந்து வி.ஆர். கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் படியும் பஞ்சுப் பட்டையை ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். எவ்வளவு துடைத்தாலும் அதிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் போவதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வழிய வழிய எண்ணெய் வைத்துத் தலைசீவி வருவார்கள், மத்தியான வெயிலில் அது நெற்றியில் இறங்கும், அந்த நெற்றிகள் எல்லாம் மாறி மாறி இந்தக் கண்ணாடிகளுக்குள் போய் வரும். ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த அந்த அறைக்குள் காலையில் பூட்டைத் திறந்து நுழையும்போது, பூட்டிக் கிடந்த கொப்பரைக் கிடங்குக்குள் நுழைவது போலிருக்கும்.

ரம்ஷா வாசலில் குனிந்து, கணுக்கால் வரை வழுக்கி இறங்கிய ஒற்றை சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். அவள் சாக்ஸில் ஒன்று எப்போதும் இறங்கித்தான் இருக்கும்.

கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில், தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தப் பள்ளி. செவ்வந்தி அங்கே டீச்சர் இல்லை. கண்ணாடிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவதும், பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவதும், கழற்றித் துடைத்து அடுக்குவதும்தான் அவள் வேலை. விளையாட்டின் பேர் ‘எண்ணும் தோப்பு’. கண்ணாடியை மாட்டினால் ஒரு தென்னந்தோப்பு வரும். ஒரு கை வந்து தேங்காய்களை எண்ணிக் குவித்துக் காட்டும். குவியலோடு குவியலைக் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும். விடை சரியென்றால் மட்டையிலிருந்து ஒரு கிளி பறக்கும்.

அவள் மகள் இனியாவும் அதே வகுப்புதான். போன வருஷம் வரை கணக்குப் பரீட்சை என்றால் காலையில் வாந்தி எடுப்பாள். தூக்கத்தில் விரல்கள் மட்டும் அசையும், போர்வைக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போல. இப்போது அவளே வந்து, “அம்மா, இன்னைக்கு எனக்கு நெறையக் கிளி” என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகச் செவ்வந்தி இந்த எண்ணெய் வாசத்தில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நிற்கத் தயாராக இருந்தாள்.

விளையாட்டில் வரும் கை அவளுடையது.

காந்திபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில், லாட்ஜுக்கு மேல் மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. அங்கிருந்து உதய் என்ற பையன் வந்து, தேங்காய் எண்ணத் தெரிந்த ஆள் யாராவது வேண்டும் என்றான். கல்யாணத்துக்கு முன்னால் செவ்வந்தி தேங்காய்க் களத்தில் வேலை பார்த்தவள். அங்கே உரிக்கும் பாரையில் பட்டு அவள் வலது சுண்டுவிரல் இன்றுவரை மடங்குவதில்லை. உதய் அவள் இரண்டு கைகளிலும் அசைவைப் பதிந்துகொள்ளும் கைப்பிடிகளைக் கொடுத்து, வெறும் தரையைக் காட்டி, “இங்க காய் இருக்கறதா நெனச்சுக்கங்கக்கா” என்றான். நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. குனிந்ததும் கைகள் தானாகப் போயின. எடுத்தன, போட்டன, எடுத்தன, போட்டன. எண்ணி முடித்த பிறகு, அவளை அறியாமலே வலது கை இன்னும் ஒன்றை எடுத்து இடது பக்கமாக வீசியது.

“இது எதுக்குங்க்கா?”

“லாபக்காய்ங்க தம்பி. எண்ணுனது போக, வாங்கறவருக்குச் சும்மா போடறது.”

“கணக்குல எழுதுவீங்களா?”

“கணக்குல வராதுங்க. வாயிலயும் சொல்ல மாட்டோம்.”

“திருட்டா?”

“அதெல்லாமில்லைங்க. எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

களத்தில் வாங்குகிறவர் எப்போதும் இடது பக்கம், மர நிழலில் நிற்பார். எண்ணுகிறவள் தலைநிமிரக் கூடாது, நிமிர்ந்தால் எண்ணிக்கை தவறிவிடும். அத்தனை வருஷத்தில் வாங்க வந்தவர்களின் முகம் ஒன்றுகூடச் செவ்வந்திக்குத் தெரியாது. ஈரமண் ஒட்டிய பாதங்கள் மட்டும் தெரியும். காலியான அந்த அறையிலும் அவள் கை அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் வீசியது.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபின் அவளே கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தோப்பு வந்தது. எப்போதும் ஒரே இடத்தில் சாய்ந்து நிற்கும் வெயில், ஒரே மாதிரி அசையும் மட்டைகள், எங்கோ தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற ஓசை. சுண்டுவிரல் மடங்காத கை எண்ண ஆரம்பித்தது. டொக். டொக். டொக். முடிந்ததும் இன்னொரு காயை எடுத்து இடது பக்கம் வீசியது. அவள் காத்திருந்தாள். தண்ணீர் ஓடியது. மட்டை அசைந்தது. காய் விழவில்லை.

திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம் மரங்களுக்கு நடுவே நிழல் மட்டும் இருந்தது. இந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள் விளையாடியதில் அங்கே எத்தனை காய்கள் கிடக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மண் சுத்தமாக இருந்தது, யாரோ தினமும் கூட்டுவது போல.

உதய்க்குப் போன் செய்தாள்.

“அக்கா, அந்தக் கடைசி வீச்சை நான் அன்னைக்கே வெட்டிப்போட்டனுங்க. கேம்ல அது இல்லவே இல்லை.”

“இருக்குதுங்க தம்பி. நான் பாத்தேன்.”

“உங்க கைதான் பழக்கத்துல ஆடியிருக்கும். களத்து ஆவி புடிச்சிருக்குது உங்களை.” சிரித்தான். “அடுத்த வாரம் புதுசு ஏத்தறேன். காயையே எண்ணிப் பாவம் புள்ளைங்களுக்குச் சலிச்சிருக்கும். இனிமே அவங்களையே எண்ணட்டும். ஸ்கூல்ல இருந்து போட்டோ எல்லாம் வாங்கியாச்சு.”

“கை?”

“கை அதேதானுங்க. நல்லா எண்ணுது. எதுக்கு மாத்தோணும்?”

புதியது வந்த நாளில் அறையே அதிர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முகமும் ஒரு குட்டிப் பொம்மையின் கழுத்தில் உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில், தோப்பு நிழலில் வரிசையாக நின்றது. கண்ணாடிக்குள் தெரிவதெல்லாம் சுவரில் மாட்டிய டி.வி.யிலும் தெரியும்.

“டேய் ரைஹான், உந்தலை செவ்வெளனி மாதிரியே இருக்குதுடா!”

“உன்னுது கொப்பரை. காஞ்சு போச்சு.”

“மிஸ், இவன் என்னையக் கொப்பரைங்கறான்!”

“சத்தம்! கையப் பாருங்க, கைய,” என்றாள் வகுப்பு டீச்சர் மெஹராஜ்.

கை வந்தது. பொம்மைகளை இரண்டிரண்டாகத் தூக்கி வெயில் பக்கம் வைத்தது. தன்னைத் தூக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் கூச்சலிட்டுத் துள்ளியது. செவ்வந்தி டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நிழலில் ரம்ஷாவின் பொம்மை மட்டும் மீந்தது. கை அதை எண்ணவில்லை. எடுத்தது. இடது பக்கமாக வீசியது.

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். விழுந்த சத்தம் வரவில்லை.

‘மொத்தம் எத்தனை பேர்?’ என்று விளையாட்டு கேட்டது. இனியா முதலில் சொன்னாள். வகுப்பில் இருப்பவர்களைவிட ஒன்று குறைவாகச் சொன்னாள். கிளி பறந்தது.

“வெரி குட் இனியா,” என்றாள் மெஹராஜ்.

“மிஸ்,” ரம்ஷா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கை தூக்கினாள். “என்னைய உட்டுட்டு எண்ணிட்டாங்க மிஸ்.”

மெஹராஜ் அவள் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை ரம்ஷாவின் தலைக்கு மேலாகப் போய், பின்னால் இருந்த சுவரில் நின்று, திரும்பி வந்தது. “எல்லாரும் லைன்ல நில்லுங்க,” என்றாள்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். திருத்திய நோட்டுகளைக் கொடுத்தபோது ரம்ஷாவுக்கு நோட்டு இல்லை. யாருக்கோ பிறந்தநாள் என்று மிட்டாய்ப் பெட்டி வரிசையில் வந்தது, அவள் நீட்டிய கையைத் தாண்டிப் போனது. அவள் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு பெஞ்சின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வந்தி மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தாள். ரம்ஷா சாப்பிட்டாள். சாப்பிடும்போது அடிக்கடி தன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க என்ன கண்ணு?”

“நிக்கறாங்க மிஸ்.”

“யாரு?”

“தெரியலை. கால் மட்டுந்தான் தெரியுது.”

மறுநாள் பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை கண்ணாடிகள்தான் பள்ளியில் உண்டு. அன்று எல்லோருக்கும் மாட்டிவிட்ட பிறகு, ஒரு கண்ணாடி மேஜையில் மீந்து கிடந்தது.

“மெஹராஜ் மிஸ், ரம்ஷா வரலீங்களா?”

“எந்த ரம்ஷா?”

“உங்க கிளாஸ்தானுங்க. முன்னாடி பெஞ்சு. ஒரு சாக்ஸ் எறங்கியே இருக்குமே.”

மெஹராஜ் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “அப்படி யாரும் நம்ம கிளாஸ்ல இல்லீங்களே. ஆனைமலைக்கு மாத்திட்டுப் போச்சே ஒரு புள்ள, அதைச் சொல்றீங்களா?”

“இந்தக் கண்ணாடி ஒண்ணு மிச்சமிருக்குதே.”

“அது எப்பவும் மிச்சந்தானுங்க.”

பயம் வர வேண்டிய இடத்தில் செவ்வந்திக்கு எதுவும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி அந்த இடம் தடித்து, மரத்து, தன்னுடையது இல்லாதது போலிருந்தது. எண்ணுகிறவளுக்கு மட்டும்தான் லாபக்காய் எது என்று தெரியும். அது எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே உம்மல் குல்சும் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். ரம்ஷாவின் அம்மா. எல்லாப் பிள்ளைகளும் போய், வாட்ச்மேன் ஒரு கதவைச் சாத்திய பிறகும் நின்றிருந்தாள். வண்டிக் கொக்கியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி ஹெல்மெட் தொங்கியது.

“ஏனுங்க, யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?”

“அதாங்க தெரியலை,” என்று உம்மல் குல்சும் கூச்சத்தோடு சிரித்தாள். “இந்நேரமானா வண்டிய எடுத்துட்டு இங்க வந்தர்றேன். வந்து நின்னா, என்னத்துக்கு வந்தோம்னு நெனப்பே வர மாட்டேங்குது. தைராய்டுனால இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க.”

“ரம்ஷாவைக் கூட்டிட்டுப் போகத்தானுங்க.”

அவள் அந்தப் பேரைக் காதில் வாங்கினாள். முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பேரைப் படிப்பது போல வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“நல்ல பேருங்க,” என்றாள். வண்டியை எடுத்தாள். ஹெல்மெட் கொக்கியில் மோதி மோதிச் சத்தம் எழுப்பிக்கொண்டே தூரமாகப் போனது.

செவ்வந்தி தனக்குத் தெரிந்த பொய்களையெல்லாம் சொன்னாள். சார்ஜ் ஏறவில்லை என்றாள். பஞ்சுப் பட்டையில் புள்ளைங்களுக்குத் தோல் அரிப்பு வருகிறது என்றாள். கொஞ்ச நாள் அறை பூட்டியே கிடந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அவள் காதை வைத்துக் கேட்டபோது, அணைத்து வைத்த கண்ணாடிகளுக்குள் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இனியா மட்டும் தினமும் கேட்டாள்: “அம்மா, எப்பம்மா தொறப்பீங்க? எனக்கு மறந்துரும்மா கணக்கு.”

பிறகு கோயமுத்தூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்று தாளாளர் சொல்லிவிட்டார். செவ்வந்தி உதய்க்குப் போன் செய்து, இனியாவின் போட்டோவை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.

“ஏனுங்க்கா, உங்க புள்ளையவே வேண்டாங்கறீங்க? நாளைக்கு வர்றாங்க, இப்பப் போய்த் தொட்டா எல்லாம் நின்னு போயிரும். முடிஞ்சதும் எடுத்தர்றனுங்க.”

மறுநாள் காலை அவள் இனியாவைப் பள்ளிக்குக் கூட்டிப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள். கணவன் பிரவின்குமார் நார் மில்லில் ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பான்.

“எனக்குக் காய்ச்சலே இல்லையேம்மா,” என்றாள் இனியா.

“இருக்குது சாமி. அப்பா பக்கத்துலயே இரு. எங்கயும் போகாத.”

மத்தியானத்துக்கு மேல் மேற்கே மலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து வெளிச்சத்தை மூடியது. கறுப்புத் துணி அடித்த அறையில் அது யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். செண்ட் வாசமும் எண்ணெய் வாசமும் கலந்து, மின்விசிறிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. பிள்ளைகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார்கள். டி.வி.யில் தோப்பு வந்தது. பொம்மைகள் நின்றன.

இனியாவின் பொம்மையும் நின்றது.

செவ்வந்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையை வீட்டில் விட்டு வந்தால் போதும் என்று ஏன் நினைத்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. முகம் இங்கேதான் இருக்கிறது. இங்கேதான் இருந்திருக்கிறது, பூட்டிய அறையில், இத்தனை நாளாக.

கை வந்தது. இரண்டிரண்டாக எடுத்து வைத்தது. ரைஹான் போனான். அவனோடு இன்னொருவன். நிழலில் கூட்டம் குறைந்தது. இனியா கடைசி வரிசையில் நின்றாள். பொம்மையின் முகத்தில் பள்ளி போட்டோவில் சிரித்த அதே சிரிப்பு. இன்னும் நாலைந்து பேர். கை அவளைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவளை எடுத்தது.

மேஜையில் இனியாவுடையதோடு ரம்ஷாவின் கண்ணாடியும் மீந்து கிடந்தது. செவ்வந்தி அதை எடுத்து மாட்டினாள். கைப்பிடிகளைப் பற்றினாள்.

பஞ்சு ஈரமாக இருந்தது.

வெயில். மட்டைகள். வாய்க்கால். அவள் முழங்காலுக்குக் கீழே பிள்ளைகள் நின்றார்கள். அவளுக்கு முன்னால் அவள் கை, அவள் இல்லாமலே, குனிந்து எண்ணிக்கொண்டிருந்தது. அதே வேகம். அதே வளையாத சுண்டுவிரல். இடது பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. நிழலில், ஈரமண் ஒட்டிய இரண்டு பாதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு, சின்னவை. ஒன்றில் சாக்ஸ் இறங்கியிருந்தது.

இந்தக் கூட்டத்தில் இருந்தால்தானே கை எடுக்கும். அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. வெளியே எடுத்துவிட வேண்டும். தனியாக, ஓரமாக, கைக்கு எட்டாத இடத்தில். அவள் குனிந்தாள். இனியாவை இரண்டு கையாலும் தூக்கினாள். எடையே இல்லை. ஆனால் சூடாக இருந்தது, தூங்கும் குழந்தையின் கக்கம் போல. கூட்டத்திலிருந்து விலக்கினாள். மரத்தடியில் மெதுவாக இறக்கினாள்.

கைகளை எடுத்தாள்.

இறக்கிய சத்தம் வரவில்லை.

அப்போதுதான் பார்த்தாள். மரத்தடி அவளுக்கு இடது பக்கம் இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து, எண்ணாமல், இடது பக்கம் ஒதுக்கி வைத்திருந்தாள். அவளேதான். அவள் கையாலேயே. முன்னால் இருந்த கை எண்ணி முடித்து ஓய்ந்து நின்றது. இந்த முறை அது எதையும் வீசவில்லை. வீச வேண்டிய வேலை அதற்கு இல்லை.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொன்னார்கள். ஒன்று குறைவு. கிளி பறந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கை தட்டும் ஓசை நெடுநேரம் கேட்டது. அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மழை கொட்டி ஓய்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் அவள் தோப்பு வழியாகவே ஓடினாள். மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்தது. டொக். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. விழுகிற எதுவும் சத்தம் போடத்தான் செய்யும். போட வேண்டும்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. பிரவின்குமார் தரையில் உட்கார்ந்து ரசச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். ரசவாசம். ஈரச்சுவர் வாசம். பாயில் இரண்டு தட்டுகள்.

மூலையில், பீரோவுக்குப் பக்கத்தில், இனியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“அம்மா, அப்பா எனக்குச் சோறே போடலை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன்.”

இருக்கிறாள். இன்னும் இருக்கிறாள். செவ்வந்தி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கை. சூடான கை. மூன்றாவது தட்டை எடுத்துப் பாயில் வைத்தாள்.

“ஏனுங்க. கொழந்தைக்கு ஏன் சோறு போடலைங்க?”

பிரவின்குமார் கரண்டியை வைத்தான். கோபப்படவில்லை. எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். அவன் முகத்தில் இருந்த பிரியம்தான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“அம்மணி, இந்தப் பேச்சு வேண்டாம்னு சொன்னனல்ல? கெடைக்கறப்ப கெடைக்கும். மாசம் பொறக்கட்டும், மறுபடியும் அந்த டாக்டரம்மாகிட்டப் போலாம். மனசப் போட்டு ஒழப்பிக்காத.”

“இங்க பாருங்க. இங்க ஒக்காந்திருக்காளுங்க.”

அவன் பார்த்தான். அவன் கண் இனியாவின் மேல் போய், நிற்காமல், பீரோவில் போய் நின்றது. அவன் குனிந்து மூன்றாவது தட்டை எடுத்து, கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்தான். தான் அதைச் செய்தது அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. உட்கார்ந்தான். “சாப்புட வா. ஆறிப்போயிரும்.”

எண்ணினால் போதும். அவள் எண்ணினால் போதும். எண்ணுகிறவள் அவள்தானே. வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மூன்று பேரையும் ஒருமுறை எண்ணிவிட்டால்.

“ஒண்ணு,” என்று தன் நெஞ்சைத் தொட்டாள்.

“ரெண்டு,” என்று அவனைக் காட்டினாள்.

வலது கையைத் தூக்கினாள். இனியாவின் தலைக்குக் கொண்டு போனாள். கை போனது. தலைக்கு மேலாகப் போனது. தாண்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த எண்ணைச் சொல்ல மறுத்தது. கை இடது பக்கம் திரும்பியது. விரல்கள் விரிந்தன. சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது.

இடது பக்கம் புழக்கடைக் கதவு. சாத்தியிருந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வெளியே மழைக்குப் பிந்திய சாம்பல் வெளிச்சம். அதில், ஈரமண் ஒட்டிய இரண்டு பாதங்கள். விரல்கள் வீட்டுக்குள் பார்த்தபடி. பக்கத்தில் இறங்கிய ஒற்றை சாக்ஸ். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கால் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

பிரவின்குமார் சோற்றைப் பிசையும் ஓசை. வாய்க்காலில் தண்ணீர். அவள் பிடித்திருந்த சின்னக் கை, அவள் கைக்குள் எடை குறைந்துகொண்டே வந்தது.

“அம்மா,” என்றாள் இனியா, மிக மெதுவாக, கதவைப் பார்த்துக்கொண்டு. “என்னையும் சேத்து எண்ணும்மா.”